ஓடினால்தான் மோட்டார்

பழைய படகு மோட்டார்களைத் தேடிச் சேகரித்துச் செப்பனிடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படகின் பின்பலகையில் இரண்டு திருகுகளால் கவ்வ வைத்து, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து கரையேறக்கூடிய அவுட்போர்டு மோட்டார்களைச் சொல்கிறேன். 1910கள் முதல் 1960கள் வரை வெளிவந்த இந்த மோட்டார்களை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலர் கொட்டகைகளிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும், சில நேரம் ஏரியின் அடிச்சேற்றிலிருந்தும்கூட மீட்டெடுக்கிறார்கள். மீட்டபின் என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள் நெடுநாளாக இரண்டு கட்சி. ஒரு கட்சி பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்து, அலுமினியத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, புதிய நிறம் பூசி, மரத் தாங்கியில் நிறுத்திவிடுகிறது. உள்ளே பிஸ்டன் அசைகிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மற்றக் கட்சி மேலே விழுந்த கீறலையும் மங்கிய எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே கெட்டுப்போனதை மட்டும் மாற்றித் தண்ணீரில் இறக்குகிறது. நான் இரண்டாவது கட்சி. ஒரு மோட்டார் தண்ணீரில் ஓடும்போதுதான் அது காப்பாற்றப்பட்டது என்று சொல்ல முடியும். அதை ஓடவைக்கத் தேவையானதற்கு மேல் அதில் கைவைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே என் வாதமாக வைக்கிறேன்.

இந்த இயந்திரம் பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். கழற்றி மாட்டும் படகு மோட்டார் என்ற எண்ணம் தனியொருவருக்குச் சொந்தமானதல்ல. 1881இல் குஸ்தாவ் ட்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் மின்சாரத்தில் ஓடும், கழற்றக்கூடிய மோட்டார் ஒன்றைப் படகில் பொருத்திப் பாரிஸில் ஸேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். 1896இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் பெட்ரோல் மோட்டார்களைச் சிறு எண்ணிக்கையில் செய்தது. டெட்ராய்ட்டில் காமரன் வாட்டர்மன் 1905 வாக்கில் தன் மோட்டாரைச் சோதித்து, பிறகு விற்பனைக்கும் கொண்டுவந்தார். ஆனால் ஊர் ஊராகப் பரவியது 1909இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய மோட்டார்தான். 1877இல் நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு விஸ்கான்சினுக்கு வந்து, பட்டறைகளில் தொழில் கற்றவர் அவர். அவருடைய மோட்டாருக்கு ஒற்றை சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத் திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலை 62 டாலர். கிராங்க் ஷாஃப்ட்டை நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலைமாட்டில் பிளைவீலையும் கால்மாட்டில் கியர்களையும் வைத்து, நீருக்குள் புரொப்பெல்லரைச் சுழலவிட்ட அந்த அமைப்புதான் இன்றைய மோட்டாருக்கும் அடிப்படை. அவருடைய மனைவி பெஸ் நிறுவனத்தின் வியாபாரத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த விளம்பரங்கள் இல்லாவிட்டால் இந்த மோட்டார் விஸ்கான்சின் ஏரிகளைத் தாண்டியிருக்காது என்றே நான் கருதுகிறேன். 1920களின் தொடக்கத்தில் அலுமினியம் வந்து எடையை இறக்கியது. எவின்ரூட் தம்பதியின் இரண்டாவது நிறுவனமான எல்டோ இரட்டை சிலிண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தது. இந்தியானாவின் ஜான்சன் சகோதரர்கள் 35 பவுண்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். இவற்றில் எதை எடுத்தாலும் என்ஜின், டாங்க், திருப்பும் கைப்பிடி, புரொப்பெல்லர் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். ஒருவர் தனியாகத் தூக்கி மேசைமேல் வைத்துப் பிரித்துவிடலாம். ரயில் என்ஜினைக் காக்க அரசு வேண்டும், கப்பலைக் காக்கத் துறைமுகம் வேண்டும். இதற்கு ஒரு மேசையும் சில ஸ்பேனர்களும் போதும். ஆகவே ஓடவைப்பது நம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இங்கே யாருக்கும் வழியில்லை.

செய்த நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? நடந்தது வேறு. 1929இல் எவின்ரூட், எல்டோ, லாக்வுட் ஆகிய மூன்று மோட்டார் நிறுவனங்களும் ஒன்றாயின. 1930களின் நடுவில் ஜான்சனும் அவற்றோடு சேர்ந்தது. அதிலிருந்து வளர்ந்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் பல பத்தாண்டுகள் இந்தத் தொழிலையே தன் கையில் வைத்திருந்து, 2000ஆம் ஆண்டின் கடைசியில் திவாலானது. எவின்ரூட் என்ற பெயர் கனடாக்காரர்கள் கைக்குப் போனது. அவர்களும் 2020இல் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில் 1931இல் தொடங்கிய ஸீகல் மோட்டார் 1996இல் நின்றது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் தொடங்கிய மெர்க்குரி இன்றும் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் நிறுவனமும் எழுபது வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு உதிரிபாகம் அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருக்காது. அந்த மோட்டார்களை எப்படிப் பிரிப்பது, எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும், எந்த ஆண்டில் எதை மாற்றினார்கள் என்ற அறிவு தொழிற்சாலையை விட்டு வெளியேறி, அவற்றை வைத்திருப்பவர்களின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1965இல் அமெரிக்காவில் பழைய அவுட்போர்டு மோட்டார்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றி, பத்திரிகை நடத்தி, கையேடுகளையும் உதிரிபாகங்களையும் உறுப்பினர்களுக்குள் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியதை நான் பெரிய நிகழ்ச்சியாகவே மதிக்கிறேன்.

இனி வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஓட்டாமல் வைத்திருந்தால் மோட்டார் இருந்தபடியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா கிடப்பதே அதைக் கெடுக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வந்த ஐந்தரைக் குதிரைத் திறன் ஜான்சன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் நல்ல நிலைதான். பிளைவீலின் நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு இழுத்தெடுத்தால், பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ தட்டு தெரியும். இரண்டு காயில், இரண்டு ஜோடி பாயின்ட், இரண்டு கண்டென்சர். அந்தக் காலத்துக் காயில்களின் மேலுறை வயதாக ஆக வெடித்துப் பிளந்துவிடும். பிளவின் வழியே ஈரம் இறங்கும். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் உடம்புக்குக் கசிந்துவிடும். பாயின்ட்டின் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத களிம்புப் படலம் ஒன்று படிந்திருக்கும். நாள்தோறும் ஓடும் மோட்டாரில் அது அவ்வளவாகப் படியாது, கிடப்பில் போட்ட மோட்டாரில் படிந்தே தீரும். ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டித் தாளை இரண்டு முகங்களுக்கும் நடுவே செருகி இழுத்தால் தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். பிறகு இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவுக்கு வைத்து, புதுக் காயில் போட்டு, கயிற்றைச் சுண்டினால் கால் அங்குல இடைவெளியைத் தாண்டி நீலப் பொறி பறக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். பிளைவீலை ஒருமுறை கழற்றிப் பார்க்காமல், காயில் பிளந்திருப்பதை வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. காட்சிக்கு மட்டும் வைப்பவர் அதைக் கழற்றப்போவதும் இல்லை.

கார்புரேட்டரில் இன்னும் நுட்பமான சேதம் நடக்கிறது. கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் வற்றிப் பழுப்பு நிறப் பிசினாக ஒட்டியிருக்கும். அதன் நடுவே தக்கையால் செய்த மிதவை இருக்கும். பெட்ரோல் உள்ளே ஊறாமல் இருக்கத் தக்கையின்மேல் அரக்குப் பூச்சுப் பூசியிருந்தார்கள். பெட்ரோலில் அரக்கு கரையாது, எனவே மிதவைகள் பல பத்தாண்டுகள் நிம்மதியாக மிதந்தன. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீதம் வரை, நம் நாட்டில் 2025இல் 20 சதவீதம். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேட்டால், அரக்கை ஆல்கஹால் என்ன செய்யும் என்று உடனே சொல்லிவிடுவார். பூச்சுக் கரைந்ததும் தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்குகிறது. ஊசி வால்வு மூடாமல் கார்புரேட்டர் வழிகிறது. கரைந்த அரக்கு நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. செப்பனிடுபவர்கள் தக்கையை நன்றாக உலர்த்தி, எத்தனால் தாங்கும் பூச்சைப் போடுகிறார்கள், அல்லது புது மிதவை வாங்கிப் பழையதைப் பத்திரப்படுத்துகிறார்கள். நீருக்குள் இருக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லருக்கும் இதே கதிதான். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அதன் இதழ்கள் வளைந்த வாக்கிலேயே விறைத்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் சிலிண்டருக்குக் குளிர்நீர் ஏறாது. சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் கிடப்பில் போட்டதன் விளைவே. ஆகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாக நிற்கும் மோட்டார் பாதுகாக்கப்படவில்லை. மெல்ல மெல்ல, யாருக்கும் தெரியாமல், அது பழுதாகிக்கொண்டிருக்கிறது.

பழுதைக் கண்டுபிடிப்பதோடும் இது முடிவதில்லை. அந்தக் காலத்து மோட்டார்களில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை வைக்கச் சிறு ஊசித் திருகுகள் இருக்கும். மெதுவான ஓட்டத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. வேக ஊசியை மேசைமேல் வைத்துச் சரிசெய்ய முடியாது. புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளிப் பாரம் சுமக்கும்போதுதான் என்ஜின் உண்மையைச் சொல்லும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் என்ஜின் தும்மும். அங்கிருந்து சற்றே திறந்தால் சத்தம் சீராகும், வேகம் ஏறும், படகின் தலை ஒரு விரற்கடை உயரும். அந்த இடம் மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும். கையேட்டில் இத்தனை சுற்று என்று போட்டிருப்பது தொடங்குவதற்கு மட்டும்தான். கயிறு இழுப்பதும் அப்படியே. ஸீகல் மோட்டார்கள் பலவற்றில் கயிறு தானாகச் சுருண்டு உள்ளே போகாது. ஒவ்வொரு முறையும் முடிச்சை பிளைவீலின் வெட்டில் மாட்டிக் கையால் சுற்றி இழுக்க வேண்டும். கிளட்ச் இல்லாத மாடல் என்றால் என்ஜின் எழுந்த அந்த நொடியே படகு நகர்ந்துவிடும். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது, எவ்வளவு வேகமாக இழுப்பது என்பதெல்லாம் உடம்பில் பதியும் பாடம். ஒரு தலைமுறை ஓட்டாமல் விட்டால், இரும்பும் அலுமினியமும் மிஞ்சினாலும் இந்தப் பாடம் மிஞ்சாது.

இனி வாதத்தின் மறுபாதி. ஓடவைக்கிறேன் என்ற பெயரில் எதையும் மாற்றலாம் என்பதல்ல என் நிலை. மோட்டாரின் மேல்தோல் ஒரு ஆவணம். அமெரிக்காவில் பெரிய கடைகள் தங்கள் பெயரிலேயே மோட்டார் விற்றன. சியர்ஸ் கடையின் எல்ஜின் மோட்டார்களை விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்ட் நிறுவனம் செய்துகொடுத்தது. அலுமினியப் பாத்திரம் பண்டம் செய்துவந்த நிறுவனம் அது. மான்ட்கோமரி வார்டு கடையின் ஸீ கிங், வெஸ்டர்ன் ஆட்டோ கடையின் விஸார்டு ஆகியவற்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்தன. மேலே உள்ள பெயரும் மாடல் எண்ணும் நிறமும் அழிந்துவிட்டால், உள்ளே இருக்கும் என்ஜின் யாருடையது, எந்த உதிரிபாகம் பொருந்தும் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட வேண்டும். ஸீகல் மோட்டார்களில் பிற்காலத்தவற்றின் வரிசை எண்ணின் வால் குறிகளே செய்த மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். மணல் வீசிச் சுத்தம் செய்யும்போது அந்தக் குறிகள் தேய்ந்து போவது சாதாரணம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட ஸீகல் ஒன்றைப் பளபளக்கும் குரோமியத்தில் முக்கி எடுத்தால், போரில் பணிசெய்த ஒரு கருவி உல்லாசப் படகுச் சாமானாக மாறிவிடும். இதை எல்லா ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். இலங்கையின் வடக்கில் போர்க்காலத்தில் மீனவர்கள் எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வைத்திருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன, எரிபொருளுக்கும் இருந்தன. அந்தக் காலத்தைத் தாண்டி ஒரு சிறிய மோட்டார் அங்கே ஒரு மீன்வாடியில் மிஞ்சியிருந்தால், அதன் சின்ன அளவும், தகரம் வெட்டிப் போட்ட ஒட்டும், பொருந்தாத போல்ட்டும் அந்த வரலாற்றின் சாட்சியங்கள். புதுப் பெயிண்ட் அந்தச் சாட்சியை வாய் மூட வைத்துவிடும்.

ஆனால் பழையதை அப்படியே காப்பதற்கும் ஓடவைப்பதற்கும் சில இடங்களில் முட்டும். 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் தனியாக வைக்கும் டாங்க் பழக்கத்துக்கு வந்தது. என்ஜின் ஒரு குழாய் வழியே டாங்குக்குள் காற்றழுத்தத்தை அனுப்பும். அந்த அழுத்தம் மறு குழாய் வழியே பெட்ரோலை மேலே தள்ளும். பம்ப் கிடையாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் குழாய் வெடித்தாலோ மூடியின் சீல் கெட்டாலோ பெட்ரோல் அழுத்தத்தோடு படகுக்குள் பீச்சியடிக்கும். பலர் இதை எடுத்துவிட்டுப் பிற்காலப் பம்பை மாட்டிவிடுகிறார்கள். என் கருத்தில், புதுக் குழாயும் புது சீலும் போட்டுப் பழைய ஏற்பாட்டையே காப்பாற்ற முடிந்தால் அதுவே முதல் தேர்வு. முடியாதபோது பம்ப் போடலாம். அதற்காக மோட்டாரில் புதிதாகத் துளை போடக் கூடாது, கழற்றிய பாகங்களைச் சீட்டு எழுதிக் கட்டி மோட்டாரோடு வைக்க வேண்டும். மாற்றியதை மறுபடி பழையபடி ஆக்க முடியுமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. காயிலை மாற்றினால் திரும்பப் போடலாம், இம்பெல்லரை மாற்றினால் திரும்பப் போடலாம். சுரண்டி எடுத்த பெயிண்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது அதே மோட்டார் என்று எப்படிச் சொல்வது, ஓட்டினால் தேயத்தானே செய்யும் என்று அருங்காட்சியகத் துறையினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தமிழர்களுக்கு இதன் பதில் கண்ணெதிரே நிற்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேர் 1970இல் மீண்டும் ஓடியது. அதை ஓட்டத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் துணைக்கு வந்தன. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சக்கரம் மாறியதற்காக வருந்தியவர்களைவிட, வீதியில் தேர் வந்ததற்காக மகிழ்ந்தவர்களே அதிகம். தேயும் பாகத்தைத் தேய்வதற்கென்றே செய்தார்கள். பிஸ்டன் ரிங், பிளக், இம்பெல்லர், புரொப்பெல்லரைக் காக்க முதலில் உடையும்படி வைத்த சிறு பின் ஆகியவை மாற்றுவதற்காகவே உள்ளவை. ஆனாலும் இந்த மறுப்பில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். 1896இல் வந்ததைப் போல விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சிய மோட்டார்களை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து பிரிக்காமலே கிடைக்கும் மோட்டாரையும் நான் தொடமாட்டேன். அதன் மதிப்பே யாரும் தொடாததில்தான் இருக்கிறது. என் வாதம் லட்சக்கணக்கில் செய்து விற்ற, இன்றும் கொட்டகைகளில் கிடக்கும் சாதாரண மோட்டார்களைப் பற்றியது. அவற்றை அரும்பொருளாக நடத்துவது அவற்றுக்கு மரியாதை ஆகாது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் நீரைக் கெடுக்கிறது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும்போது புகைவாசலும் திறந்தே இருப்பதால், போட்ட எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே வெளியேறிவிடும். அதோடு எண்ணெயும் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் விதிகள் வகுத்து, 1998 தொடங்கி 2006க்குள் புது மோட்டார்களின் ஹைட்ரோகார்பன் கழிவை 75 சதவீதம் குறைக்கச் சொன்னது இதனால்தான். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரியில் 1999 முதல் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குத் தடை வந்தது. இரண்டு முடிவுகளும் சரி என்றே நான் சொல்வேன். குடிநீர் எடுக்கும் ஏரியிலோ மீன் குஞ்சு பொரிக்கும் நீர்நிலையிலோ பழைய மோட்டாரை இறக்குவதற்கு எந்தப் பாரம்பரியப் பெருமையும் சமாதானம் ஆகாது. ஆனால் இதிலிருந்து ஓட்டவே கூடாது என்ற முடிவு வராது. நாள் முழுக்க ஓடும் தொழில் மோட்டாரையும், ஆண்டில் சில மணி நேரம் ஓடும் ஒன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சோதனை ஓட்டம் முழுவதையும் தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயில் செய்யலாம். அந்தத் தண்ணீரின்மேல் மிதக்கும் எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துத் தனியே அகற்ற வேண்டும், சாக்கடையில் கொட்டக் கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை. புகையைக் குறைக்கிறேன் என்று எண்ணெய் விகிதத்தைக் குறைத்துவிடாதீர்கள். பழைய மோட்டார்களில் வெண்கலப் புஷ் பேரிங்குகள் இருக்கும். 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கேட்கும் என்ஜினுக்கு, இன்றைய மோட்டார் போல 50க்கு ஒன்று ஊற்றினால் ஒரே நாளில்கூடப் பிஸ்டன் பிடித்துவிடலாம். அப்புறம் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

இதில் காசு இல்லையே என்பது மூன்றாவது மறுப்பு. இல்லைதான். 1950களின் சாதாரண மோட்டாருக்குப் போடும் உதிரிபாகச் செலவு, முடிந்தபின் அது விலைபோகும் தொகையைத் தாண்டுவது வழக்கம். விற்கும் எண்ணத்தோடு இதில் இறங்குபவர்தான் சீக்கிரம் பெயிண்ட் டப்பாவைத் தேடுகிறார். பெயிண்ட் தூரத்திலிருந்தே தெரியும், புதுக் காயில் தெரியாது. சந்தை விலையை அளவுகோலாக வைத்துக்கொண்டதால்தான் முதல் கட்சி வளர்ந்தது என்பது என் எண்ணம்.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. கேரளத்தின் தென்கரையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் 1980களில் வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டார் பரவியது. பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழக்கம் அதோடு வந்தது. உப்பு நீரும் மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்து என்ஜினை எப்படி அரிக்கும், அதை எதைக் கொண்டு சமாளிப்பது என்பதைக் கடலோர மெக்கானிக்குகள் பட்டறையிலேயே கற்றுக்கொண்டார்கள். லேத்தில் கடைந்து பாகம் செய்தார்கள். ஒரு மோட்டாரின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தினார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பத்திரிகை நடத்திப் பதிவுசெய்யும் அறிவுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் நம்மிடம் அதில் எழுதிவைத்தது மிகச் சொற்பம். அந்த முதல் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் கைபட்ட மோட்டார்கள் கிலோக் கணக்கில் எடைக்குப் போகின்றன.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, உறவினர் வாடியிலோ பழைய படகு மோட்டார் கிடந்தால், முதலில் கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள். பெயிண்ட்டில் கைவைக்காமல் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி, படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்த மோட்டாரைப் பழுதுபார்த்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரித்து, அவரை அழைத்து வந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எடைக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.